பாங்காக்குக்கு ஊர் பார்க்கப் போனோம்

பெரியவளே, சின்னவனே,

நீங்கள் இரண்டு பேரும் என்றைக்காவது ஒரு நாள் பாங்காக் போவீர்கள். பாங்காக் இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஓர் ஊர். போகாமல் இருக்க நான் விடப்போவதில்லை. அதற்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். "யூடியூப்ல எல்லாம் கீதுப்பா, நீ இன்னாத்துக்கு கை வலிக்க எழுதிக்கினு கீற" என்று பெரியவள் கேட்டாள். நானும் பார்த்தேனம்மா. எந்த ரயில், எந்தப் படகு, எந்தக் கடையில் சாப்பாடு, எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த வீடியோ எடுத்த ஒருத்தரையும் யாரும் "நீ எதற்கு அங்கே போகிறாய்" என்று கேட்டதாகத் தெரியவில்லை. என்னையும் உங்கள் அம்மாவையும் கேட்டார்கள். ஏர்போர்ட் வாசலை மிதிப்பதற்கு முன்னாலேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரயிலும் படகும் பின்னால் வரும்.

என் பாஸ்போர்ட் கல்யாணமான புதிதில் எடுத்தது. வளைகுடாவில் வெல்டர் வேலை என்றார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே அந்த ஏஜெண்ட் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான், அது என் அதிர்ஷ்டம். பாஸ்போர்ட் மட்டும் பீரோவில் உங்கள் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. ஒரு நாட்டு முத்திரைகூட விழாமல் காலாவதியானது. புதுப்பித்தேன். அதிலும் மூன்று ஆங்கில எழுத்து அடித்துத்தான் கொடுத்தார்கள். ஈ.சி.ஆர். பத்தாவது தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் அது இருக்கும். இந்த ஆள் வேலைக்குப் போவதானால் விசாரித்து அனுப்பவும் என்று அதற்குப் பொருள். படிக்காதவர்களை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போய் அல்லல்பட வைக்கிறார்கள், அதைத் தடுப்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். அதன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அந்த எழுத்தைப் பார்த்த நிமிஷமே எதிரில் இருப்பவர் கண்ணுக்கு நான் வேலைக்குப் போகிறவன் ஆகிவிடுகிறேன். வேறு எதற்கும் நான் ஒரு இடத்துக்குப் போக முடியும் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஊர் பார்க்கும் ஆசை எங்கே இருந்து வந்தது என்றால், கும்மிடிப்பூண்டி கம்பெனியில் எங்கள் ஷெட்டில் ஒரு மெஷின் மாட்ட பாங்காக்கில் இருந்து வந்த மெக்கானிக்கிடம் இருந்து வந்தது. அவரும் என்னைப் போல ஃபிட்டர்தான். நகக்கண்ணில் என்னைப் போலவே கிரீஸ் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். இங்கே என்ன காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. கவரைப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகும்வரை அவர் இறங்கி நின்று பார்த்தார். ஊத்துக்கோட்டை சந்தையில் கத்தரிக்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழவேற்காட்டில் ஏரிக்கரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மனசில்லாமல் இருந்தார். அவர் நம் ஊரைப் பார்த்தார், நான் அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு ஃபிட்டர், லீவு நாளில், அந்நிய ஊரில், யாருக்கும் பதில் சொல்லாமல் சும்மா சுற்றுகிறார். அன்று சாயந்திரம் உங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டு இருந்தாள். தலை நிமிராமல், "அப்ப நம்ம அவுரு ஊருக்குப் போனா இன்னா?" என்றாள்.

ஆமாம். முதலில் சொன்னது அவள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உங்கள் பெரியப்பாவிடம் சொல்லப் போனேன். அண்ணன் மோட்டார் ஷெட்டில் இருந்தார்.

"டேய் நைனா, போர்ல தண்ணி கீழ போய்க்கினு கீது, நீ பேங்காக்கு போய்க்கினு கீற" என்றார். "நம்ம ஆளுங்க யாருனா சும்மா பேங்காக்கு போயிகீறாங்களா? திருப்பதி கீது, திருத்தணி கீது. மொட்டை போட்டுக்கினு வா."

"மொட்டை போட இல்லணா. ஊர் பாக்க."

"ஊர்ல கேட்டா இன்னா சொல்றது? அந்த ஊர்ல ஒரு மாரியம்மன் கோயில் கீதாமே. வேண்டுதல்னு சொல்லிடு. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

"வேண்டுதல் எதுவும் இல்லணா."

"இல்லன்னா இன்னா, இப்ப ஒண்ணு வேண்டிக்கோ."

அண்ணன் கெட்டவர் இல்லை. நாங்கள் பாங்காக் போயிருந்த நாட்களில் நீங்கள் அவர் வீட்டில்தான் சாப்பிட்டீர்கள். ஒரு பேச்சுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் தம்பியை யாரும் ஏளனமாகப் பேச மாட்டார்கள் என்று அவர் நினைத்தார். நான் தலையாட்டவில்லை. "யாரு கேட்டாலும் ஊர் பாக்கப் போனான்னே சொல்லுணா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கம்பெனியில் வேறு மாதிரி. எங்கள் ஷெட்டுச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. லீவில் போகிறவரின் டோக்கன் நம்பரை அதில் எழுதுவார்கள், பக்கத்தில் காரணம் எழுதுவார்கள். மாதம் முடியும்வரை அழிக்க மாட்டார்கள். அதில் வருகிற காரணங்கள் எல்லாம் எப்போதும் ஒரே மாதிரிதான். கல்யாணம், சாவு, காது குத்து, ஜுரம், அம்மை, மாமியார் சீரியஸ். யாராவது செத்தால் லீவு, பிறந்தால் லீவு. இத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூட எனக்கு ஆசையாக இருக்கிறது என்று எழுதி லீவு போட்டதில்லை. லீவு எனக்கு உரிமையாகச் சேர்ந்ததுதான், யாரும் தானமாகக் கொடுப்பது இல்லை. ஆனாலும் யாரும் எழுதுவதில்லை.

எங்கள் சூப்பர்வைசர் டிப்ளமா முடித்து வந்த பிள்ளை, என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். மார்க்கரைத் திறந்து வைத்துக்கொண்டு, "காரணம் இன்னான்னு போடறதுணா?" என்று கேட்டான்.

"ஊர் பாக்கன்னு போடு."

"அப்படிலாம் போட முடியாதுணா. மேல கேப்பாங்க. மச்சான் கல்யாணம்னு போட்டுக்கறேன்."

"என் மச்சானுக்கு ரெண்டு பசங்க இருக்காங்கப்பா."

"இன்னொரு மச்சான்?"

"இல்ல."

"மாமியார் சீரியஸ்?"

"அவங்க வேப்பம்பட்டுல டிவி பாத்துக்கினு நல்லாத்தான் கீறாங்க. நல்லா கீற மனுசிய இன்னாத்துக்குப் படுக்க வைக்கிற?"

பக்கத்து மெஷினில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தன், "பேங்காக்குக்குப் பொண்டாட்டிய கூட்டிக்கினு போற மொத ஆளு நீதான்ணா" என்றான். இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு எதற்கென்று புரியும் வயது பெரியவளுக்கு வந்துவிட்டது, சின்னவன் பொறுத்துக்கொள். "நான் ஊர் பாக்கப் போறேன்டா, அதான் கூட்டிக்கினு போறேன். நீ வேற எதுனா பாக்கணும்னா தனியா போ" என்றேன். அவன் அடங்கிவிட்டான். சூப்பர்வைசர் காரணம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு மார்க்கரை மூடினான். "நீ போய் வாணா, நான் பாத்துக்கறேன்" என்றான்.

டிக்கெட் போட்ட திருவள்ளூர் ஏஜெண்டும் அவன் பங்குக்கு ஒரு பொய்யைக் கொடுத்தான். "சார், இது ஈ.சி.ஆர் பாஸ்போர்ட்டு. கவுண்டர்ல நிறுத்துவாங்க. சிமெண்ட் டீலர், கம்பெனி டூர்ல போறேன்னு சொல்லிடுங்க. வருஷா வருஷம் எத்தினி டீலருங்க போறாங்க, யாரும் நோண்ட மாட்டாங்க."

"சிமெண்ட்ட பத்தி எதுனா கேட்டா?"

"மூட்டைல வரும்னு சொல்லுங்க."

நானும் சிரித்தேன். அவனிடம் இருந்து பொய்யை வாங்கவில்லை, உருப்படியான விஷயங்களை மட்டும் வாங்கிக்கொண்டேன். அதை நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட், இரண்டும் காகிதத்தில் வேண்டும். தங்கும் ஓட்டல் ரசீது வேண்டும். அந்த நாட்டு வருகைப் படிவத்தைப் புறப்படுவதற்கு முன்பே ஆன்லைனில் நிரப்பிவிட வேண்டும். கையில் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்லலாம். இது எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வைத்தால் பெட்டி முதலிலேயே உள்ளே போய்விடும், நீங்கள் கவுண்டரில் கை பிசைவீர்கள். விதிகள் அடிக்கடி மாறும். போகும் சமயத்தில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கவரைப்பேட்டையில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ பிடித்து ஏர்போர்ட் போனோம். அம்மா ஒரு டப்பாவில் புளிக்காய்ச்சல், இன்னொன்றில் பருப்புப் பொடி வைத்திருந்தாள். முத்திரை குத்துகிற கவுண்டரில் இருந்த இளைஞர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அந்த எழுத்து வந்த பக்கத்தில் கை நின்றது.

"எதுக்குப் போறீங்க?"

"ஊர் பாக்க சார்."

"அங்க யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல சார்."

"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த நாற்காலிகளைக் காட்டி உட்காரச் சொன்னார். மேல் அதிகாரி வருவார்களாம். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருத்தராக முத்திரை வாங்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒரே மாதிரி தொப்பி போட்ட ஒரு கூட்டம், ஏதோ பெயிண்ட் கம்பெனி டீலர்கள்.

அம்மா என் காதில், "இன்னாங்க, டீலர்னே சொல்லிடலாமா?" என்றாள்.

"வேணாம்."

"உடலன்னா?"

"உடலன்னா திரும்பி ஊட்டுக்குப் போலாம். பொய் சொல்லிப் போனோம்னு வையி, அங்க நம்ம பாக்கறது எல்லாம் சிமெண்ட் டீலர் பாத்ததாத்தான் இருக்கும். நம்ம பாத்ததா இருக்காது."

அவள் டப்பா வைத்திருந்த பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பிள்ளைகளே, எனக்கும் பயம்தான். திருப்பி அனுப்பினால் டிக்கெட் போனது போனதுதான். அண்ணன், ஷெட், ஊர், எல்லோரிடமும் ஊர் பார்க்கப் போகிறேன் என்று மார்தட்டிவிட்டு வந்திருந்தேன். இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் பிடிவாதம் இன்னும் கெட்டியானது.

மேல் அதிகாரி ஒரு அம்மா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"யார் வேலை வாங்கித் தரேன்னு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல மேடம். வேலை எனக்கு கும்மிடிப்பூண்டியில இருக்குது."

"கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிட்டுப் போய் வேற நாட்டுக்குக் கடத்தி அடைச்சு வெக்கிறாங்க. பேப்பர் படிக்கிறீங்களா இல்லையா?"

"படிக்கிறேன் மேடம். நீங்க கேக்கறது நியாயம்தான். எவ்ளோ வேணா கேளுங்க. ஆனா எத்தனை தடவ கேட்டாலும் நான் ஊர் பாக்கத்தான் போறேன்."

குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவர் என்னை விட்டுவிட்டு உங்கள் அம்மா பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர் எதுக்கும்மா உங்களக் கூட்டிட்டுப் போறார்?"

"அவுரு எங்க மேடம் கூட்டிக்கினு போறாரு. நான்தான் போலாம்னு சொன்னேன்."

"நீங்களா? ஏன்?"

"இவுரு கம்பெனிக்கு அந்த ஊர்லேர்ந்து ஒருத்தரு வந்தாரு. எங்க ஊர் ரயில்வே கேட்டக்கூட நின்னு பாத்துட்டுப் போனாரு. அப்படி நம்ம ஊரயே பாக்கறவரு ஊரு எப்படி இருக்கும்னு பாக்கலாம்னு."

அந்த அதிகாரி அம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். ஒருத்தி காலேஜ், ஒருத்தன் ஒன்பதாவது என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, "பத்தாவது பாஸ் பண்ணிட்டா அவங்க பாஸ்போர்ட்டுல இந்த எழுத்து வராதாமே மேடம்?" என்று கேட்டாள்.

"வராது."

"அப்ப அவங்க இங்க உக்கார வேணாம்" என்றாள் அம்மா. குறை சொல்கிற மாதிரி இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் போலச் சொன்னாள்.

அவர் கவரில் இருந்த எல்லாக் காகிதத்தையும் ஒரு தடவை பார்த்தார். ஓட்டல் ரசீதில் அறையைக் காலி செய்யும் நாளையும் டிக்கெட்டில் திரும்பும் நாளையும் ஒப்பிட்டார். அந்த இளைஞரைக் கூப்பிட்டு, "போடுங்க" என்றார். எங்களிடம், "அங்க யாராவது வேலைன்னு பேச்செடுத்தா நகர்ந்துடுங்க" என்றார். முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. என் பாஸ்போர்ட்டில் விழுந்த முதல் முத்திரை.

பாங்காக்கில் இறங்கினால் அங்கே இருந்த கவுண்டர்க்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விரலை வைக்கச் சொன்னார், கேமராவைப் பார்க்கச் சொன்னார், குத்திக் கொடுத்துவிட்டார். "இவ்ளோதானா" என்று அம்மாவுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இனி முதலில் சொன்ன ரயிலும் படகும்.

ஏர்போர்ட்டில் எல்லாப் பணத்தையும் மாற்றாதீர்கள். முதல் நாள் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை நகரத்துக்குள் மாற்றினால் கூடுதலாகக் கிடைக்கும். ஏர்போர்ட்டின் அடித்தளத்திலேயே நகரத்துக்கு ரயில் இருக்கிறது. டிக்கெட்டுக்குப் பதில் பிளாஸ்டிக்கில் காசு மாதிரி ஒரு வட்ட வில்லை கொடுப்பார்கள். ஏறும்போது அதைத் தொட்டுக் காட்ட வேண்டும், இறங்கும்போது துளையில் போட வேண்டும். அம்மா அதை முந்தானையில் முடிந்து வைத்துவிட்டாள். இறங்குகிற இடத்தில் முடிச்சு அவிழாமல், பின்னால் ஒரு வரிசையே நின்றது. யாரும் உச்சுக் கொட்டவில்லை.

டாக்சியில் ஏறினால் மீட்டர் போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் சண்டை வேண்டாம், இறங்கி அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள். வெயில் நம் ஊர் வெயில்தான், குடை கொண்டு போங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். மூலைக்கு மூலை எந்நேரமும் திறந்திருக்கிற கடைகள் உண்டு, பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். சாதம் கிடைக்கும். காய்கறி என்று சொல்லி வாங்கினாலும் அதில் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். நமக்குப் பரவாயில்லை. சைவக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையாகப் பார்த்து உட்கார வையுங்கள். யார் தலையையும் தொடாதீர்கள், குழந்தையாக இருந்தாலும். காலை நீட்டி யார் பக்கமும் காட்டாதீர்கள். அந்த நாட்டு ராஜாவின் படத்தைப் பற்றி வாய் தவறியும் கேலி பேசக் கூடாது, அங்கே அது பெரிய குற்றம்.

முதல் நாள் காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனில் நடந்துகொண்டு இருந்தோம். திடீரென்று பாட்டுப் போட்டார்கள். ஓடிக்கொண்டு இருந்தவர்கள்கூட அந்தந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அம்மா என் சட்டையைப் பிடித்து, "இன்னாச்சு, யாருனா செத்துப் பூட்டாங்களா?" என்றாள். அவர்கள் தேசிய கீதம். காலையில் எட்டுக்கும் சாயந்திரம் ஆறுக்கும் போடுவார்களாம். பாட்டு முடிந்ததும் மறுபடி எல்லோரும் ஓடினார்கள். அந்தச் சமயத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஷிப்டுக்கு ஓடுகிறவனும் ஆபீசுக்கு ஓடுகிறவனும் கொஞ்ச நேரம் ஒரே மாதிரி நிற்கிறான்.

ஆற்றுப் படகு கட்டாயம் போக வேண்டும். நம் டவுன் பஸ் மாதிரிதான், நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கும். கண்டக்டர் அம்மா நீளமான தகரக் குழாய் ஒன்றைக் கையில் வைத்து 'டக்டக்' என்று தட்டிக்கொண்டே வருவார், அதற்குள்தான் காசும் டிக்கெட்டும். அங்கேதான் எங்கள் பெரிய தவறு நடந்தது. படகின் பின்பக்கம் இறங்கும் இடத்தில் காவி கட்டிய ஒரு புத்த பிக்கு நின்றிருந்தார், வயதானவர். அம்மா பார்த்தாள். பையை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். நம் ஊரில் எந்தச் சாமியாரைப் பார்த்தாலும் செய்வதுதானே. அவர் துள்ளிப் பின்னால் போனார். இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் ஆற்றில் விழுந்திருப்பார். கண்டக்டர் அம்மா குழாயை நீட்டி நடுவில் மறித்துவிட்டார். பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாதாம், அவர் மேல் உடம்பு படவே கூடாதாம்.

அம்மா முகம் செத்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு கிழவி எழுந்து வந்து, தள்ளி நின்று இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்துக் குனிந்து காட்டினாள். இப்படி என்று. அம்மாவும் அப்படியே செய்தாள். பிக்கு தலையசைத்தார். இறங்கின பிறகு அம்மா சொன்னாள்: "நம்ம ஊர்ல கால்ல உழலன்னா கோச்சிக்கிறாங்க, இங்க உழுந்தா ஓடறாங்க." அதற்கப்புறம் அன்று முழுவதும் அவளுக்குச் சிரிப்பு. காவித் துணியைத் தூரத்தில் பார்த்தாலே என்னை இழுத்துக்கொண்டு அடுத்த பக்கம் போனாள்.

அரண்மனைக்குப் போகிற வழியில் ஒன்று நடக்கும், உஷாராக இருங்கள். இஸ்திரி போட்ட சட்டையில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே வந்து, இன்றைக்கு அரண்மனை மூடல், விசேஷம், என்று இங்கிலீஷில் சொல்வார். வேறு நல்ல இடம் காட்டுகிறேன், இந்த ஆட்டோவில் ஏறுங்கள் என்பார். ஏறினால் ரத்தினக் கல் விற்கிற கடையில் கொண்டு போய் இறக்கிவிடுவார்கள். "மூடிட்டாங்களாம், வாங்க போலாம்" என்று அம்மா திரும்பினாள். "மூடின கதவயாவது பாத்துட்டுப் போலாம் வா. கதவு பாக்கறதுக்குத்தானே வந்தோம்" என்றேன். போனோம். கதவு திறந்திருந்தது. கூட்டம் அலைமோதியது. தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள், புடவைக்குத் தொல்லை இல்லை. அரைக்கால் டிராயரில் வந்த வெள்ளைக்காரர்கள் வெளியே நின்று துணி வாங்கிக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

கடைத்தெருவில் ஒரு தையல்காரர் என் பின்னாலேயே வந்தார். சார், சூட்டு, நல்ல சூட்டு, ஒரே நாளில் தைத்துத் தருகிறேன் என்று. அம்மா, "உங்களப் போயி சூட்டு போடச் சொல்றான்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வாங்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், மனசு நிறைந்துவிட்டது. அந்த ஆள் கண்ணுக்கு நான் சுற்றிப் பார்க்க வந்தவன். அதற்கு மேல் என்னை யார் என்று அவர் கேட்கவில்லை.

எங்கள் ஷெட்டுக்கு வந்த மெக்கானிக்குக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். அவர் அப்போது வேறு நாட்டில் மெஷின் மாட்டிக்கொண்டு இருந்தார். அதனால் என்ன, ஊர் அங்கேயேதான் இருந்தது. ரயில்வே கேட் ஒன்று மூடியிருந்தபோது நாங்கள் நின்று வண்டி போகிறதைப் பார்த்தோம், அவருக்காக. மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். எந்த வேண்டுதலும் இல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்தோம். எதுவும் கேட்காமல் சாமி கும்பிட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்ததும் பெரியப்பா, "இன்னாடா பாத்த?" என்றார். படகைப் பற்றிச் சொன்னேன். "பழவேற்காட்டுல இல்லாத படகா" என்றார். "அதயும் பாக்கலாம், இதயும் பாக்கலாம்ணா" என்றேன். அவர் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் வேலைக்குப் போன அன்று, கேட்டில் இருந்த செக்யூரிட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "மாமியாருக்கு இப்ப எப்படிணா கீது?" என்று கேட்டார். புரியவில்லை. ஷெட்டுக்குள் போனால் பக்கத்து மெஷின்காரன், சிரித்தவனே, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "அத்தைக்கு ஒண்ணும் இல்லியே?" என்றான். பலகையைப் பார்த்தேன். என் டோக்கன் நம்பருக்கு நேரே, நீல மார்க்கரில், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: மாமியார் சீரியஸ்.

சூப்பர்வைசரிடம் போனேன். "உனக்கு நல்லதுதான்ணா செஞ்சேன். மேல கேட்டாங்க, காலியா உட முடியாது" என்றான். அவனுக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். "சரிப்பா" என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம் மணி அடித்ததும் எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். மெஷின்கள் நின்றன. நான் டிபன் பாக்ஸை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஷெட்டில் ஒருத்தரும் இல்லை. பலகையில் அந்த இரண்டு வார்த்தையையும் உள்ளங்கையால் அழித்தேன். நாளாகிவிட்டதால் சீக்கிரம் போகவில்லை, எச்சில் தொட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. மார்க்கர் காய்ந்திருந்தது. உதறி, மூடியைக் கழற்றி, ஒரு எழுத்தை இரண்டு தடவை அழுத்தி எழுதினேன். ஊர் பார்க்க. பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.